மலை மறைக்கும்போது வாட் எதற்கு?
தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் தொலைதூர ட்ரோனுக்கு ரிலே நிலையம்

ரிமோட் விமானத்தைக் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்தவர்கள் முதலில் கேட்பது, டிரான்ஸ்மிட்டர் எத்தனை வாட் என்றுதான். கடைக்காரரும் அதையே சொல்லி விற்கிறார். சக்தி கூடினால் தூரம் கூடும் என்பது கேட்டவுடன் ஒப்புக்கொள்ளத் தோன்றும் வாதம். திருநெல்வேலிச் சீமையின் நிலத்தை வைத்துப் பார்த்தால் அந்த வாதம் பாதிதான் நிற்கிறது. தாமிரபரணி ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு. பொதிகையில் 1,700 மீட்டருக்கு மேல் பிறந்து, அந்த உயரத்தின் பெரும்பகுதியைப் பாபநாசத்துக்கு வருமுன்பே இறங்கிவிடுகிறது. அதன்பின் புன்னைக்காயலில் கடலைச் சேரும்வரை வயலும் வாழையும் பனையும்தான். ஒரே ஆற்றங்கரையில் இப்படி வானொலி அலைக்கு இரண்டு உலகங்கள் இருக்கின்றன. கீழ்ப் பகுதியில், சிக்னலை இடையில் வாங்கி மறுபடி அனுப்பும் ரிலே பெரும்பாலும் தேவையில்லை. மேல் பகுதியில் ரிலே இல்லாமல் எத்தனை வாட் போட்டாலும் வேலை நடக்காது. அந்த ரிலேயை யார், எங்கே, எப்படி வைக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை ஆராயும் கேள்வி.

முதலில் சமவெளியை எடுத்துக்கொள்வோம். தடையற்ற வெளியில் அலை எவ்வளவு மங்கும் என்பதற்குப் பழைய, நம்பகமான சூத்திரம் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை 10 கிலோமீட்டர் போகும்போது சுமார் 120 டெசிபெல் இழக்கிறது. வெறும் 100 மில்லிவாட், அதாவது 20 டிபிஎம் அனுப்பினால், மறுமுனைக்கு மைனஸ் 100 டிபிஎம் வந்து சேரும். லோரா முறையில் இயங்கும் எக்ஸ்பிரஸ் எல்.ஆர்.எஸ். போன்ற இன்றைய ரிசீவர்கள், நொடிக்கு 250 தரவுப் பொட்டலங்கள் வரும் வேகத்திலேயே மைனஸ் 108 வரை கேட்கும். வேகத்தைக் குறைத்தால் அதற்கும் கீழே கேட்கும். ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கே 10 கிலோமீட்டருக்குப் போதும் என்று பொருள். அடுத்தது பூமியின் வளைவு. 120 மீட்டர் உயரத்தில் பறக்கும் ஒன்றுக்கு வானொலித் தொடுவானம் சுமார் 45 கிலோமீட்டர். திருநெல்வேலியிலிருந்து புன்னைக்காயல் நேர்கோட்டில் ஏறக்குறைய அவ்வளவுதான். பனங்கூட்டங்களும் ஊர்க் கட்டடங்களும் இந்தக் கணக்கில் கொஞ்சம் வெட்டும். இரண்டு ஆன்டெனாக்களுக்கும் இடையே கோடு போட்டாற்போல் வெளி தெரிந்தால் மட்டும் போதாது. 10 கிலோமீட்டர் பாதையின் நடுவில் அந்தக் கோட்டைச் சுற்றிப் பத்து மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். ஆனால் ஆன்டெனாவை ஒரு மாடி வீட்டின் மேல் ஏற்றினால் தீரக்கூடிய சிக்கல் அது.

இப்போது மலைமேலுள்ள காரையாறு அணைக்கு வாருங்கள். பறக்கவிடுபவர் விக்கிரமசிங்கபுரத்தில் நிற்கிறார், விமானம் மலைக்குப் பின்னால் அணையின் நீர்ப்பரப்பின் மேல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடையில் உள்ள முகடு நேர்கோட்டைவிட 200 மீட்டர் உயரம்; அது 10 கிலோமீட்டர் பாதையின் நடுவில் இருக்கிறது என்றும் கொள்வோம். கத்திமுனை போன்ற முகடு என்று சலுகை கொடுத்துக் கணக்கிட்டாலும், 2.4 கிகாஹெர்ட்ஸில் 37 டெசிபெல் கூடுதலாக இழக்கிறோம். அதைச் சக்தியால் ஈடுகட்ட வேண்டுமென்றால் ஐயாயிரம் மடங்கு வேண்டும்: 100 மில்லிவாட் 500 வாட் ஆக வேண்டும். 866 மெகாஹெர்ட்ஸ் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் என்கிறார்கள். உண்மைதான், அங்கே இழப்பு சுமார் 33 டெசிபெல். தேவை ஏறத்தாழ இரண்டாயிரம் மடங்கு. காடு மூடிய உருண்டை முகட்டில் நிலைமை இன்னும் மோசம். இந்தியாவில் இந்த அலைவரிசைகளில் உரிமமின்றி அனுமதிக்கப்படும் டிரான்ஸ்மிட்டர் சக்தி ஒரு வாட். ஆன்டெனாவின் குவிப்பையும் சேர்த்தால் நான்கு வாட். சட்டத்துக்கும் தேவைக்கும் இடையே உள்ள இந்தப் பள்ளத்தை எந்தக் கடையின் சரக்கும் நிரப்பாது.

அலைவரிசையை இன்னும் கீழே இறக்கினால் மலையைச் சுற்றி வராதா என்று கேட்கலாம். வரும். அதற்கு என்ன விலை என்பதையும் இதே மாவட்டத்தில் பார்க்கலாம். விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம், நீரில் மூழ்கியிருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கே செய்தி அனுப்புகிறது. அதன் மிகத்தாழ் அதிர்வெண்ணில் ஒரு அலையின் நீளமே பத்து கிலோமீட்டருக்குக் குறையாது. அதற்காக அங்கே எழுப்பிய கம்பங்கள் நாட்டிலேயே மிக உயரமான கட்டுமானங்களில் சேர்ந்தவை. போகும் செய்தியோ மிக மெதுவானது. விமானத்தைத் திருப்பவும் அதன் நிலையை அறியவும் வேண்டிய வேகம் அங்கே கிடைக்காது.

சக்தி உதவாத இடத்தில் உயரம் உதவும் என்பதைத் தென் மாவட்ட மக்கள் அறிந்தேயிருக்கிறார்கள். கோடை பண்பலை நெல்லைப் பக்கம்வரை கேட்பதற்கு முதற்காரணம் அது கொடைக்கானல் மலையில் இருப்பது. இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் நிற்கும் ஆன்டெனாவுக்குத் தொடுவானம் 180 கிலோமீட்டருக்கு மேல் விரிகிறது. கொடைக்கானலிலிருந்து நெல்லை ஏறத்தாழ 165. காவல்துறையின் வயர்லெஸ் ரிப்பீட்டர்கள் மலைமேல் இருப்பதற்கும் இதுவே காரணம். ஆக, ஒன்று விமானம் உயர வேண்டும், அல்லது ஆன்டெனா உயர வேண்டும்.

விமானம் உயர முடியாது என்பதை முடிவுசெய்வது சட்டம். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது சுமார் 120 மீட்டர்வரைதான் முன் அனுமதியின்றிப் பறக்கலாம். அந்த 400 அடி தரையிலிருந்து அளக்கப்படுவது. சமவெளியில் அது தாராளமான உயரம். மலைச்சரிவில் தரையை ஒட்டியே 120 மீட்டரில் ஏறி, மறுபக்கப் பள்ளத்தில் அப்படியே இறங்கும் விமானம் முகட்டுக்குப் பின்னால் மறைந்துதான் போகும். மேலே எழும்பி ஆபரேட்டரை எட்டிப் பார்க்க அதற்கு உரிமை இல்லை. ரிலேயை இங்கே அவசியமாக்குவது நிலமும் விதியும் சேர்ந்த கூட்டு. ஆர்வலர் கூட்டங்களில் இந்தக் கூட்டைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. அதே விதிகள் இன்னொன்றையும் சொல்கின்றன. பொழுதுபோக்குக்கும் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் பறக்கவிடப்படும் 25 கிலோவுக்கு மேற்படாத மாதிரி விமானம், கண்பார்வைக்குள் பறப்பதாக இருக்க வேண்டும் என்பது அதன் வரையறையிலேயே இருக்கிறது. எனவே, வார இறுதியில் மணிமுத்தாறு அடிவாரத்தில் நின்றுகொண்டு மாஞ்சோலைக்கு விமானம் அனுப்புவது பொழுதுபோக்கு என்ற பெயரில் இந்நாட்டில் செய்யக்கூடியது அன்று. தொலைதூர ரிலே தனியார் விளையாட்டுச் சாமானாக இருக்க முடியாது என்பது இதிலிருந்தே வருகிறது. வானூர்தித் துறையின் சிறப்பு அனுமதியோடு, பொதுக் காரியத்துக்காக, ஒரு நிறுவனம் நடத்தும் நிலையமாகத்தான் அது நிற்க முடியும்.

அப்படிப்பட்ட நிலையத்தின் உள்ளே என்ன இருக்கும்? தோற்றத்தில் எளிமையானது: ஒரு ரிசீவர், ஒரு டிரான்ஸ்மிட்டர், இரண்டையும் இணைக்கும் ஒயர், பேட்டரி, சோலார் தகடு, மழை புகாத பெட்டி. ஆபரேட்டரின் கையிலுள்ள ரிமோட் அனுப்புவதை ரிசீவர் வாங்கி, ஒயர் வழியாக டிரான்ஸ்மிட்டருக்குக் கொடுக்க, அது விமானத்துக்கு அனுப்புகிறது. விமானத்தின் பதில் தகவல் அதே வழியில் திரும்பி வருகிறது. வாங்குவதும் கொடுப்பதும் ஒரே அலைவரிசையில் இருக்கக் கூடாது. பக்கத்திலுள்ள டிரான்ஸ்மிட்டர் 20 டிபிஎம்மில் கத்த, ரிசீவர் மைனஸ் 100 டிபிஎம்மைக் கேட்க முயல்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு லட்சம் கோடி மடங்கு. காதருகே தவில் அடிக்கும்போது அடுத்த தெருவில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்கச் சொல்வதற்கு ஒப்பானது இது. ஆகவே அடிவாரத்திலிருந்து முகடுவரை 2.4 கிகாஹெர்ட்ஸ், முகட்டிலிருந்து விமானத்துக்கு 866 மெகாஹெர்ட்ஸ் என்று பிரிப்பதே நடைமுறை.

அந்த 866-ஐப் பற்றி ஒரு எச்சரிக்கை அவசியம். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து வாங்கப்படும் தொலைதூர மாட்யூல்கள் பல 915 என்ற எண்ணோடு வருகின்றன. அது அமெரிக்காவில் திறந்துவிடப்பட்ட 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ்வரையான பட்டை. இந்தியாவில் 890 முதல் 915 வரை செல்பேசி கோபுரத்தோடு பேசும் பாதை. 120 மீட்டர் உயரத்தில் நின்று இந்தப் பட்டையில் பதில் அனுப்பும் விமானம் ஒரே நேரத்தில் பல கோபுரங்களின் கண்ணில் படும். தொலைவிலிருந்து பலவீனமாக வரும் ஒரு செல்பேசி அழைப்பைத்தான் அது முதலில் கெடுக்கும். இந்தியாவில் உரிமம் தேவைப்படாத பட்டை 865 முதல் 868. எக்ஸ்பிரஸ் எல்.ஆர்.எஸ். மென்பொருளிலேயே இந்தியாவுக்கென 866 தேர்வு தனியாக இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்க ஆகும் நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை, இருந்தும் அதைச் செய்யாதவர்கள் உண்டு என்பது வேதனை.

ரிலே கட்டுவதில் உண்மையான ஆபத்து சத்தமில்லாமல் ஒளிந்திருக்கும் இடம் ஃபெயில்சேஃப். சாதாரணமாக ரிமோட்டின் சிக்னல் அறுந்தால் விமானத்தின் ரிசீவர் அதை உணர்ந்து, வீடு திரும்பு என்ற கட்டளையைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். நடுவில் ரிலே வந்ததும் கதை மாறுகிறது. அடிவாரத்துக்கும் முகட்டுக்கும் இடையிலுள்ள முதல் கண்ணி அறுந்தால், முகட்டு ரிசீவர் கடைசியாகக் கேட்ட நிலையையே பிடித்துக்கொண்டு ஒயரில் கொடுத்துக்கொண்டிருக்கலாம். பல ரிசீவர்களில் அப்படி ஓர் அமைப்பு உண்டு. டிரான்ஸ்மிட்டர் அதை நம்பி உற்சாகமாக அனுப்பும். விமானத்துக்குச் சிக்னல் முழு பலத்தோடு வந்துகொண்டே இருக்கும். ஆபரேட்டர் கைவிட்டுப்போனது அதற்குத் தெரியவே தெரியாது. கடைசியாக வலப்பக்கம் திருப்பியிருந்தால் பேட்டரி தீரும்வரை வலப்பக்கமே சுற்றும். ஆகவே முகட்டு ரிசீவரை, சிக்னல் அறுந்தால் எதையும் கொடுக்காதே என்று அமைக்க வேண்டும். டிரான்ஸ்மிட்டர் மௌனமாக வேண்டும். அந்த மௌனத்தைக் கேட்டுத்தான் விமானம் விழித்துக்கொள்ள வேண்டும். ப்ரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிட்டு, மேசைமேல் மூன்று கருவிகளையும் பரப்பி, கையிலுள்ள ரிமோட்டை அணைத்துப் பார்த்தால் இதை உறுதி செய்துகொள்ளலாம். இந்தச் சோதனையில் தேறாத ரிலேயைக் கட்டாமல் இருப்பதே மேல்.

மற்றவை சிறு விஷயங்கள்தான், ஆனாலும் காசைக் கரியாக்குபவை. டிரான்ஸ்மிட்டரைக் கீழே வைத்துவிட்டு இருபது மீட்டர் கேபிளில் ஆன்டெனாவை மட்டும் கம்பத்தில் ஏற்றுவது ஒரு பொதுத்தவறு. மெல்லிய ஆர்.ஜி. 58 கேபிள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டெசிபெல்லை விழுங்கும். உச்சிக்குப் போய்ச் சேருவது நூறில் ஒரு பங்கு. கருவியையே மேலே ஏற்றிவிட்டு, மின்சாரத்தையும் தரவையும் மட்டும் ஒயரில் அனுப்புவதுதான் சரி. மாஞ்சோலை மலையின் நாலுமுக்கு, ஊத்துப் பகுதி மழையில் சிக்னல் நிற்குமா என்ற கேள்விக்குப் பதில், மழைத்துளி இந்த அலைவரிசைகளை அநேகமாகத் தொடுவதே இல்லை என்பது. தொடுவது நனைந்த இலை. ஆன்டெனா மரமுடிக்கு மேலே இருக்க வேண்டும், அதனால் இடிதாங்கியும் நல்ல எர்த்தும் கட்டாயம்.

இதெல்லாம் காகிதக் கணக்கு என்று தள்ளிவிட முடியாது. 2018 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் டால்பி என்ற ஊரில் நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் ஆளில்லா விமானப் போட்டியில், சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் தக்ஷா அணி இரண்டாமிடம் பெற்றது. நடிகர் அஜித்குமார் அதன் ஆலோசகராக இருந்ததால் செய்தி தமிழகமெங்கும் பரவியது. போட்டியின் பொருள் அவ்வளவு பரவவில்லை. தொலைவிலுள்ள ஒருவரிடமிருந்து ரத்த மாதிரியை விமானம் வாங்கிவர வேண்டும். அந்தப் போட்டி வரிசையில் தகவல் தொடர்பு அறுபடாமலிருக்க, துணை விமானம் ஒன்றை வானில் நிறுத்தி ரிலேயாகப் பயன்படுத்தவும் இடம் தந்திருந்தார்கள். இந்தியாவில் 2021 அக்டோபரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மணிப்பூரின் பிஷ்ணுபூரிலிருந்து லோக்டாக் ஏரியின் காராங் தீவுக்குத் தடுப்பூசி அனுப்பியது: வான்வழி 15 கிலோமீட்டர், கால் மணி நேரத்துக்குள். சாலை வழி 26 கிலோமீட்டர். அது ஏரி, இடையில் முகடு இல்லை. மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலைக்கோ, காரையாறு நீர்ப்பரப்பைத் தாண்டியிருக்கும் இஞ்சிக்குழி காணிப் பழங்குடியினர் குடியிருப்புக்கோ அதே மருந்துப் பெட்டியை அனுப்ப முற்பட்டால் மணிப்பூர் அனுபவம் அப்படியே பொருந்தாது. டால்பி விதியில் சொன்ன துணை விமானமும் முழு விடையாகாது. வானில் நிற்கும் ரிலே பேட்டரி தீர்ந்தால் இறங்கியாக வேண்டும்; முதல் விமானத்துக்கு இருக்கும் அத்தனை சிக்கலும் இரண்டாவதற்கும் உண்டு. கூடவே அதுவும் அதே 400 அடிக்குக் கட்டுப்பட்டது. அணைகளின் நீர்ப்பரப்பைக் கீழே காட்டும் குதிரைவெட்டி போன்ற முகடுகள் பேட்டரி இல்லாமலே நூற்றாண்டுகளாக நின்றுகொண்டிருக்கின்றன.

இனி மறுப்புகள். முதலாவது, செல்பேசி வலையமைப்பு இருக்கும்போது தனி ரிலே ஏன் என்பது. சிம் போட்ட ட்ரோன்கள் உலகெங்கும் பறக்கின்றன, ஒரு சாதாரண நாளில் அம்பாசமுத்திரத்துக்கும் அந்த வழி போதும். ஆனால் ட்ரோன் தேவைப்படுவது சாதாரண நாளில் அன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைமீறியது, ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு வெள்ளத்தின் நடுவே சிக்கியது, ஏரல் பக்கத்து ஊர்கள் துண்டிக்கப்பட்டன. மின்சாரம் போனபின் கோபுரங்களும் பேட்டரி தீர்ந்து ஒவ்வொன்றாக ஊமையாயின. எந்த ஊரில் யார் எப்படி இருக்கிறார்கள் என்பதே வெளியே தெரியவில்லை. அந்த நாட்களில் செல்பேசியை நம்பும் ட்ரோன், செல்பேசியைப் போலவே கையில் கனக்கும் பொருளாகத்தான் இருந்திருக்கும். செயற்கைக்கோள் இணைப்பு இந்தக் குறையைத் தீர்க்கும் என்பது உண்மைதான். சில கிலோ எடையுள்ள விமானத்துக்கு அதன் எடையும் செலவும் இன்னும் பாரம்.

இரண்டாவது மறுப்பு கனமானது. விமானம் தானே பறக்கத் தெரிந்ததாகிவிட்டது. ஆர்டுபைலட் போன்ற இலவச மென்பொருளே வழிப்புள்ளிகளைத் தொட்டுப் போய்த் திரும்பும். இணைப்பு அறுந்தால் என்ன? இதில் பாதியை ஏற்கத்தான் வேண்டும். நொடிக்கு நொடி கையால் ஓட்டும் தேவை இல்லை. இரண்டு கண்ணிகளால் வரும் சில பத்து மில்லிநொடி தாமதம் ஒரு பொருட்டில்லை என்பதும் அதனால்தான். ஆனால் தானியங்கித் திரும்புதல் மலையில் தானாகவே சரியாக நடந்துவிடுவதில்லை. ஆர்டுபைலட்டின் பல்சுழலி வகையில் திரும்பும் உயரம், மாற்றாமல் விட்டால், 15 மீட்டர். அதுவும் கிளம்பிய இடத்திலிருந்து அளந்தது. அடிவாரத்தில் கிளம்பிய ட்ரோன் மலைமேல் இணைப்பை இழந்தால், இருக்கும் உயரத்திலேயே நேர்கோட்டில் வீடு தேடும். இடையில் முகடு இருப்பதை அதற்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால்தான் உண்டு. இன்னொன்று, 2023 வெள்ளத்தில் இதே வானில் விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் தாழப் பறந்து உணவுப் பொட்டலம் போட்டன. அப்படியொரு வேளையில், உடனே இறங்கு என்று ட்ரோனிடம் சொல்ல ஒரு மனிதருக்கு வழி இருக்க வேண்டும். இந்த இணைப்பின் தலையாய வேலை அந்த ஒரு கட்டளையைக் கொண்டுபோவது. அந்த வழி இல்லாத விமானத்துக்கு அனுமதி கொடுக்க எந்த அதிகாரிக்கும் கை வராது, வரவும் கூடாது.

மூன்றாவது, காடு. களக்காடு முண்டந்துறை 1988-இல் அறிவிக்கப்பட்ட, தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம். அங்கே புதுக் கோபுரம் என்ற பேச்சே தவறு. நினைத்தபோதெல்லாம் ட்ரோன் பறப்பதும் தவறு. ஆனால் காரையாறு, சேர்வலாறு அணைகளில் மின்வாரியத்தின் கட்டடங்கள் முன்பே நிற்கின்றன; வனத்துறைக்கு வயர்லெஸ் நிலையங்கள் உண்டு; மாஞ்சோலைத் தோட்டங்களில் கட்டடங்கள் இருக்கின்றன. ரிலே என்பது ஒரு டிபன் கேரியர் அளவுப் பெட்டியும் கையளவு ஆன்டெனாவும்தான். இருக்கும் கூரைமேல் அது தெரியக்கூடத் தெரியாது. மாஞ்சோலையில் ஆட்களே இருக்கப்போவதில்லையே, யாருக்காக என்று கேட்பவர்களும் உண்டு. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து தோட்ட நிறுவனம் 1929-இல் 99 ஆண்டுக்குப் பெற்ற குத்தகை 2028-இல் முடிகிறது. 2024-இல் தோட்ட வேலையும் நின்றது. ஆனால் காணிகள் எங்கும் போகவில்லை. ஆட்கள் குறைந்த மலையில் காட்டுத்தீயை முதலில் பார்த்துச் சொல்பவர்களும் குறைகிறார்கள். கூப்பிட ஆளில்லாத இடத்துக்குத்தான் தொலைவிலிருந்து பார்க்கும் கண் வேண்டும்.

ஆக, வாட்டைத் தேடும் வேலையை விட்டுவிட்டு இடத்தைத் தேட வேண்டும். மலையில் இரண்டு மூன்று முகட்டுப் புள்ளிகள், சமவெளியில் ஒரு உயரமான அரசுக் கூரை, அவற்றுக்கிடையே இரட்டை அலைவரிசை ரிலே: பள்ளத்தாக்கின் பெரும்பகுதிக்கு இது போதும். கூடங்குளம், மகேந்திரகிரி, விஜயநாராயணம் போன்ற பாதுகாப்பு இடங்களும் வாகைகுளம் விமான நிலையத்தைச் சுற்றிய வட்டங்களும் இந்த வரைபடத்திலிருந்து விலக்கப்பட வேண்டியவை. கருவிகளின் செலவு ஒரு சராசரி பொறியியல் கல்லூரித் திட்டத்துக்குள் அடங்கும். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியும், அண்ணா பல்கலைக்கழகத்தின் நெல்லை வளாகமும், மாநில அரசின் ஆளில்லா வானூர்திக் கழகமும் சேர்ந்தால் கட்டிவிடலாம். வனத்துறை, வானூர்தித் துறை, வயர்லெஸ் பிரிவு ஆகிய மூன்றின் கையெழுத்தும் ஒரே கோப்பில் விழுவதுதான் கடினம். அந்தக் கோப்பை மாவட்ட ஆட்சியர் அலுவலகம்தான் தொடங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, கோடையிலேயே தொடங்க வேண்டும்.